சென்னையில் சைக்கிளில் வேலைக்குச் செல்லத் தொடங்குவோருக்கு

சென்னையில் வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வேலையிடம் அமைந்தவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சைக்கிள் ஓட்டத் தெரியும், ஆனால் பள்ளி நாள்களுக்குப் பிறகு அதைத் தொட்டதில்லை, அலுவலக நேரத்து நெரிசலில் ஓட்ட முடியுமா என்று தயங்குகிறேன் என்பவர்களே என் மனத்தில் இருக்கிறார்கள். அவர்களால் முடியும். ஊர் ஏறக்குறைய முழுவதும் சமதளம்; ஆற்றுப் பாலங்களையும் ரயில்வே மேம்பாலங்களையும் விட்டால், ஏற்றம் என்று சொல்லத்தக்கது வழியில் வருவது அரிது. அவசரமின்றி மிதிப்பவர் மணிக்கு 15 கிலோமீட்டர் போவார் என்று கொண்டால், 8 கிலோமீட்டர் தூரத்தைச் சிக்னல்களில் நிற்கும் நேரமும் சேர்த்து 40 நிமிடங்களில் கடந்துவிடலாம்.

எந்த வண்டி வாங்குவது என்ற கேள்வியிலேயே பலர் வாரக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். என் கருத்தில் அது இரண்டாவது கேள்விதான். ஒருவர் ஒரு மாதம் கழித்தும் சைக்கிளில் போகிறாரா, அல்லது வண்டி மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கிறதா என்பதைத் தீர்மானிப்பது அவர் தேர்ந்துகொண்ட பாதை. எனவே பாதையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் பாதை

பேருந்திலோ ஸ்கூட்டரிலோ நீங்கள் பழகிய வழியைச் சைக்கிளுக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம். அது விரைவு கருதி அமைந்த வழி. உங்களுக்குத் தேவை வாகனங்கள் மெதுவாகப் போகும் வழி. ஒரு கிலோமீட்டர் கூடினாலும் 4 நிமிடங்கள்தான் கூடும். அண்ணா சாலையிலும் நூறடிச் சாலையிலும் போக வேண்டிய தூரத்தின் பெரும்பகுதியை, அவற்றுக்கு இணையாக ஓடும் குடியிருப்புத் தெருக்களில் கடந்துவிட முடியும் என்பது பலருக்குத் தேடிப் பார்த்த பின்பே தெரிகிறது.

ஆனால் உட்தெருக்கள் ஓரிடத்தில் முடிந்துவிடும். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய், ரயில் பாதைகள் ஆகியவை இந்த நகரைத் துண்டுகளாகப் பிரித்திருக்கின்றன. அவற்றைக் கடக்கும் இடங்கள் குறைவு. ஆகவே வீட்டிலிருந்து தெருத் தெருவாகப் பாதையைக் கோத்துக்கொண்டு போவதை விட, கடக்கும் இடங்களை முதலில் குறித்துக்கொண்டு, அவற்றுள் நெரிசலும் வேகமும் குறைந்ததைத் தேர்ந்து, அதன் இரு புறத்தையும் உட்தெருக்களால் இணைப்பதே நல்ல முறை.

மயிலாப்பூரிலிருந்து தரமணி டைடல் பூங்காவுக்குச் செல்பவரை எடுத்துக்கொள்வோம். தூரம் ஏறக்குறைய 7 கிலோமீட்டர். இடையில் அடையாறு இருக்கிறது. கிழக்கே திரு.வி.க. பாலம், அடுத்துக் கோட்டூர்புரம் பாலம், மேற்கே வெகுதூரம் தள்ளிச் சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம் என்று கடக்கும் வழிகள் சிலவே. திரு.வி.க. பாலத்தைத் தேர்ந்தால், மந்தைவெளியின் உட்தெருக்கள் வழியாக அங்கே வந்து, பாலத்தைக் கடந்தபின் சர்தார் படேல் சாலைக்குத் திரும்பாமல், அடையாறு, இந்திரா நகர்த் தெருக்களுக்குள் புகுந்து போகலாம். அப்படிப் போனால் மத்திய கைலாசம் சந்திப்பும் ராஜீவ் காந்தி சாலையின் வேகமான தொடக்கப் பகுதியும் வழியில் வருவதில்லை. கால்வாயைக் கடக்கும் இடத்தில்தான் மீண்டும் பெரிய சாலையைச் சந்திக்கிறோம். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் நடக்கும் பகுதிகளில் தடுப்புகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், மாற்று வழி ஒன்றையும் எப்போதும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கத்திப்பாரா போன்ற இடங்களில் மேம்பால வளைவுகளை அறவே தவிர்க்க வேண்டும். வண்டிகள் வேகத்தைக் குறைக்காமல் வந்து சேரும் அந்த வளைவுகளில் சைக்கிளுக்கென்று பாதுகாப்பான இடம் கிடையாது. கீழ்ச்சாலை இருந்தால் அதில் போகலாம். இல்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கலாம். இறங்கித் தள்ளுவதில் குறைவேதும் இல்லை.

வரைபடத்தில் முடிவு செய்த பாதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணியளவில் ஓட்டிப் பாருங்கள். ஒருவழிச் சாலைகள் இருப்பதால் போகும் வழி ஒன்றாகவும் வரும் வழி வேறாகவும் அமையக்கூடும். இரண்டையும் பார்த்துவிட வேண்டும். வேகம் பார்க்க வேண்டாம், சாலையைப் பாருங்கள். தரைமட்டத்துக்கு மேலெழுந்தோ தாழ்ந்தோ நிற்கும் பாதாளச் சாக்கடை மூடிகள், வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடைகள், பேருந்து நிறுத்தங்கள், பள்ளி வாசல்கள், தெருநாய்கள் கூடும் முனைகள், பஞ்சர் கடைகள் ஆகியவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வேலைநாளில், குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் இல்லாதபோது, அதே பாதையை உரிய நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். ஞாயிறு காலையில் அமைதியாக இருந்த தெரு எட்டரை மணிக்குப் பள்ளி வேன்களால் அடைபட்டிருக்கலாம். இந்த இரண்டு ஒத்திகைக்குப் பிறகே சைக்கிளில் வேலைக்குக் கிளம்ப வேண்டும். முதல் மாதத்தில் வாரத்துக்கு இரண்டு நாள்கள் போதும்.

வண்டி

சமதளமான ஊரில் கியர் இல்லாத வண்டியே போதுமானது. பாலங்களில் மூச்சு வாங்குமே என்று எண்ணுபவர்கள் பின்சக்கரத்தில் மட்டும் ஏழு பற்சக்கரம் உள்ள எளிய கியர் வண்டியை வாங்கலாம். அதற்கு மேல் கியர்கள் சென்னைக்குத் தேவையில்லை. முன் கவையில் சுருள்வில் வைத்து, முரட்டு டயர்களோடு மலைப்பாதைக்கு உரியதுபோல் விற்கப்படும் வண்டிகளைத் தவிர்க்கும்படி அழுத்திச் சொல்வேன். மலிவான வண்டிகளில் அந்தச் சுருள்வில் எடையைத்தான் கூட்டுகிறது; நீங்கள் மிதிக்கும் விசையில் ஒரு பகுதியையும் விழுங்கிவிடுகிறது. பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர்கள் நம் பள்ளங்களுக்குத் தாங்கா. ஒன்றரை அங்குல அகலத்துக்குக் குறையாத, அதிகக் கட்டை இல்லாத டயர்களே ஏற்றவை.

மட்கார்டு, கேரியர், செயின் கவர், பெல், ஸ்டாண்டு ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இல்லாமல் அழகாக வரும் வண்டிகளில் இவற்றைப் பின்னர் பொருத்தச் செலவாகும். சிலவற்றில் பொருத்தவே இடம் இருக்காது. புடவையோ சுடிதாரோ அணிந்து ஓட்டுபவர்களுக்கு முழுச் செயின் கவரும், பின்சக்கரத்தின் பக்கவாட்டில் துணி சிக்காமல் காக்கும் தடுப்பும் அவசியம். பெண்கள் சிலர் இந்த வயதில் சைக்கிளா என்று தயங்குவதைக் கேட்டிருக்கிறேன். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரக்கணக்கான கிராமப் பெண்கள், பலர் குழந்தைகளுக்குத் தாயான பின்பு, சைக்கிள் கற்றுக்கொண்டு சந்தைக்கும் வேலைக்கும் போனார்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

சீட்டின் உயரத்தைச் சரிசெய்வது செலவில்லாத, ஆனால் மிகப் பெரிய பயன் தரும் வேலை. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் ஏறக்குறைய நீண்டு, சற்றே மடங்கியிருக்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில் பதியும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள்தாம் முழங்கால் வலிக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னே இறங்கிக் காலை ஊன்றப் பழகிக்கொண்டால், உயர்ந்த சீட்டு அச்சம் தராது.

முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் மாலை ஆறு மணிக்கு மேல் கட்டாயம் எரிய வேண்டும். தலைக்கவசம் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆயினும் அணியுங்கள். அது நெற்றியை மறைத்து, புருவத்துக்கு மேல் இரு விரற்கடை மட்டுமே இடம் விட்டு, கிடைமட்டமாக அமர வேண்டும். தாடைப் பட்டை தொளதொளவென்று தொங்கினால் அணிந்தும் பயனில்லை. பூட்டைப் பொறுத்தவரை, சக்கரத்தை மட்டும் பூட்டும் சாவிப் பூட்டு போதாது. வண்டியின் சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்து, நிலையாக ஊன்றிய கம்பியோடு பிணைக்கும் கனமான பூட்டு வேண்டும்.

சாலையில் ஓட்டும் முறை

புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு சாலையின் இடது விளிம்பை ஒட்டியே போவது. அது பாதுகாப்பு என்று தோன்றினாலும் உண்மையில் ஆபத்து மிகுந்தது. விளிம்பில் மணலும் கண்ணாடித் துண்டும் வடிகால் கம்பிகளும் இருக்கின்றன. அவற்றைத் தவிர்க்கத் திடீரென்று வலப்பக்கம் வளையும்போதுதான் பின்னால் வரும் வண்டி மோதுகிறது. மேலும் விளிம்பில் போகிறவரை உரசிக்கொண்டு முந்தலாம் என்றே பின்னால் வருபவர் எண்ணுகிறார். எனவே விளிம்பிலிருந்து முக்கால் முதல் ஒரு மீட்டர் தள்ளி, நேர்கோட்டில், வளையாமல் போகப் பழகுங்கள். அடுத்து எங்கே போவீர்கள் என்று பின்னால் வருபவரால் ஊகிக்க முடிய வேண்டும். நெரிசலில் உங்களைக் காப்பது பெரும்பாலும் இதுதான்.

நிறுத்தியிருக்கும் கார்களையும் ஆட்டோக்களையும் கடக்கும்போது ஒரு கதவின் அகலத்துக்குக் குறையாத இடைவெளி விடுங்கள். கார்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களில் புகுந்து புகுந்து வெளியே வராமல், வரிசை முழுவதையும் ஒரே கோட்டில் கடக்க வேண்டும். ஷேர் ஆட்டோக்கள் கை காட்டியவர் முன்னால் எங்கும் நிற்கும். ஆகவே அவற்றின் பின்னால் நெருங்கிப் போகக் கூடாது.

பேருந்துகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நிறுத்தத்தை நெருங்கும் மாநகரப் பேருந்து உங்களை முந்திக்கொண்டு இடப்பக்கம் ஒதுங்கும். அப்போது அதற்கும் நடைபாதைக்கும் இடையில் புகுந்து போக முயலவே கூடாது. நின்றுவிடுங்கள், பயணிகள் ஏறி இறங்கட்டும். வலப்பக்கமாக முந்துவதானால் பின்னால் திரும்பிப் பார்த்து, கை காட்டி, பேருந்து கிளம்புவதற்கான அறிகுறி இல்லையென்று உறுதிசெய்துகொண்டு முந்தலாம். பேருந்து, தண்ணீர் லாரி, கான்கிரீட் கலவை வண்டி போன்ற கனரக வாகனங்கள் சந்திப்பில் இடப்பக்கம் திரும்புகையில் முன்சக்கரத்தை விடப் பின்சக்கரங்கள் உட்புறமாக நெருங்கி வரும். இடப்பக்கத்தில் அணைந்து நிற்கும் சைக்கிள், அந்த வாகனத்தை ஓட்டுபவரின் கண்ணுக்குப் படுவதில்லை. சிக்னலில் இத்தகைய வண்டி ஒன்று நின்றால் அதற்குப் பின்னால் நில்லுங்கள். பக்கத்தில் போய் நிற்க வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், அது இதுவாக இருக்கட்டும்.

பெரிய சாலையில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால், நான்கு வரிசை வண்டிகளைக் குறுக்கே கடந்து நடுவுக்குப் போக வேண்டியதில்லை. பச்சை விழுந்ததும் இடப்பக்கமாகவே நேரே சென்று சந்திப்பைக் கடந்து, எதிர் முனையில் ஓரமாக நின்று, வண்டியை வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அந்தச் சாலைக்குப் பச்சை விழும்போது மற்றவர்களோடு போய்விடலாம். இரண்டு சிக்னல்கள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உட்தெருக்களில் வலப்பக்கம் திரும்பும்போது, திரும்புவதற்குச் சற்று முன்பே பின்னால் பார்த்து, வலக்கையை நீட்டிக் காட்டி, மெல்ல நடுவுக்கு வர வேண்டும். ஒரு கையை விட்டு நேராக ஓட்டுவதையும், தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும்போது வண்டி கோணாமல் வைத்திருப்பதையும் காலி மைதானத்திலோ அமைதியான தெருவிலோ முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். நெரிசலில் ஓட்டுவதற்கு உண்மையில் தேவையான திறமைகள் இவை இரண்டும் சீரான பிரேக்கும்தான்.

பிரேக் பிடிக்கையில் முன்சக்கரமே வண்டியை அதிகம் நிறுத்துகிறது. எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்துக்கு உரியது என்பதைத் தெரிந்துகொண்டு, இரண்டையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்துங்கள். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று இறுக்கினால் முன்னால் விழ நேரும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வழுக்கும்.

காதில் ஒலிக்கருவி வேண்டாம். பின்னால் வருவதைப் பெரும்பாலும் காதால்தான் அறிகிறோம். எதிர்த்திசையில் போவது அரை கிலோமீட்டர் மிச்சப்படுத்தினாலும் வேண்டாம். நம்மை நோக்கி அப்படி வரும் இருசக்கர வண்டிகளுக்கு ஓரமாக வழி விட்டு நின்றுவிடுவதே நல்லது. அவர்களோடு சண்டையிடத் தெருவில் நேரமும் இடமும் இல்லை. நாய் துரத்தினால் வேகமாக மிதிப்பதை விட, நிறுத்தி இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் இடையில் சைக்கிளை வைத்துக்கொண்டு மெல்ல நடந்தால் பெரும்பாலான நாய்கள் அலுத்துப் போய்விடும்.

சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டு இயந்திரமில்லாப் போக்குவரத்துக்கென்றே ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதன் பின் சில சாலைகளில் நடைபாதைகள் அகலமாயின. ஆனால் சைக்கிளுக்குத் தொடர்ச்சியான தனிப்பாதை என்று நம்பிப் போகத்தக்கது இன்னும் அமையவில்லை. அது வர வேண்டும், அதற்காகக் கேட்கவும் வேண்டும். அது வரும்வரை, மேற்சொன்ன முறைகளோடு ஓட்ட முடியும்.

அலுவலகத்தில்

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை முதல் நாளுக்கு முன்பே நிர்வாகத்திடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். பல கட்டடங்களில் காவலர்கள் சைக்கிளைக் கண்டதும் வெளியே நிறுத்தச் சொல்வார்கள். அவர்களுக்கு அப்படி ஓர் அறிவுறுத்தல் இருக்கலாம், அல்லது எந்த அறிவுறுத்தலும் இல்லாமலிருக்கலாம். எழுத்தில் அனுமதி பெற்றுவிட்டால் வாசலில் தினமும் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

வியர்வையைப் பற்றிய கவலை நியாயமானது. சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை உலராது. கடைசி ஒரு கிலோமீட்டரை மிக மெதுவாக ஓட்டுங்கள்; வந்து சேர்ந்ததும் உடனே உடை மாற்றாமல் பத்து நிமிடங்கள் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து உடல் ஆறிய பின், ஈரத் துண்டால் துடைத்துவிட்டு மாற்றினால் புதுச் சட்டை நனையாது. பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டினாலே பாதி வியர்வை குறையும். மடிக்கணினியைக் கேரியரில் வைப்பதானால் தடித்த உறையிட்டு, பக்கவாட்டில் தொங்கும் பையில் வைக்க வேண்டும். இல்லையெனில் ஒவ்வொரு பள்ளத்தின் அதிர்ச்சியும் அதற்குப் போய்ச் சேரும். சைக்கிளில் வராத ஒரு நாளில் இரண்டு மூன்று சட்டைகளைக் கொண்டுபோய் மேசை அறையில் வைத்துவிடுவது எளிய ஏற்பாடு.

வெயிலும் மழையும்

ஏப்ரல் தொடங்கி அக்கினி நட்சத்திரம் முடியும்வரை, காலையில் ஏழரைக்கு முன் கிளம்ப முடியுமா என்று பாருங்கள். ஒரு புட்டித் தண்ணீரை வழியிலேயே குடித்துவிட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் உப்பிட்ட நீர்மோர் நல்லது. தலை சுற்றல், குமட்டல், வியர்வை நின்று உடல் சுடுவது ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிழலில் இறங்கி உடலைக் குளிர்விக்க வேண்டும். உதவிக்கு ஆள் அழைக்கத் தயங்கக் கூடாது. இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்குவது முறை. கோடையில் பிற்பகலில் கடற்காற்று வீசும். கிழக்கு நோக்கி வீடு திரும்புபவர்களுக்கு அது எதிர்க்காற்று. குளிர்ச்சியாக இருந்தாலும் காலையில் ஆன நேரத்தை விட மாலையில் கூடுதலாக ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. தூறலில் ஓட்டலாம், சக்கர விளிம்பு நனைந்தால் பிரேக் தாமதமாகவே பிடிக்கும் என்பதால், நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாகப் பிடித்து ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். சாலைக் கோடுகளும், தோண்டிய பள்ளங்களை மூடப் போடும் இரும்புத் தகடுகளும் நனைந்தால் வழுக்கும். அவற்றின் மேல் திரும்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. தேங்கிய நீரில் தரை தெரியவில்லை என்றால் அதில் ஓட்டாதீர்கள். திறந்த சாக்கடை வாய் எங்கே இருக்கிறது என்று தண்ணீர் காட்டாது. நீரில் நிற்கும் மின்பெட்டிகளையும் விளக்குக் கம்பங்களையும் நெருங்க வேண்டாம். சுரங்கப்பாதைகள் முதலில் நிரம்புவன என்பதால் மழைக்காலத்துக்கு மேம்பால வழி ஒன்றை முன்பே பார்த்து வைக்க வேண்டும். கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் பேருந்திலோ ரயிலிலோ போங்கள். சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் ஆண்டின் எல்லா நாளும் போக வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை.

பராமரிப்பு

கிளம்பும் முன் ஒரு நிமிடம் போதும்: டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றனவா என்று பாருங்கள், சக்கரத்தைச் சுற்றிவிட்டு எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று அச்சிட்டிருக்கும். அளவுமானி உள்ள பம்ப் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை அந்த அளவுக்கு நிரப்பினால் மிதிப்பது இலகுவாகும், பஞ்சரும் குறையும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்று கடலை ஒட்டிய பகுதிகளில் உப்புக்காற்றால் செயின் விரைவில் துருப்பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழைய துணியில் மண்ணெண்ணெய் நனைத்துச் செயினைத் துடைத்து, உலர்ந்தபின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது தூசியைப் பிடித்துக்கொண்டு பிசினாக இறுகும்.

பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்வது நல்லது. ஆனால் வேலைக்குப் போகும் நேரத்தில், பாதையில் குறித்து வைத்த கடையில் ஒட்டிக்கொண்டு போவதே விரைவு. ஒட்டிய பின் டயரின் உட்புறத்தை விரலால் தடவி ஆணியோ முள்ளோ மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் மீண்டும் காற்று இறங்குவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பிரேக் கட்டைகளின் கோடுகள் தேய்ந்து மறைந்தால் மாற்றிவிடுங்கள். சக்கரம் ஆடிக்கொண்டு சுற்றினால் கோட்டம் எடுக்கக் கொடுங்கள். பொங்கல் முடிந்து மழையும் ஓய்ந்த ஜனவரிக் கடைசியில், வண்டியை முழுவதும் கழற்றி ஓவராயில் செய்யக் கடையில் விடலாம். அப்போது சக்கர அச்சுகளையும் பெடல் அச்சையும் திறந்து, மழைநீர் கலந்த பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதிது வைக்கும்படியும், தேய்ந்த குண்டுகளை மாற்றும்படியும் கேளுங்கள். வண்டி எப்போது தயாராகும் என்பதை விடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.